மீன்தொட்டியும் கலங்கிய ஜலமும்

மீன் வளர்ப்பது மிகப் புராதனமான காரியம். மீனைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பதோ நேற்று வந்த வழக்கம். நம்முடைய கோயில் குளங்களின் படிக்கட்டில் அமர்ந்து பொரி வீசும் குழந்தைகள் காண்பதெல்லாம் மீனின் முதுகும் திறந்த வாயுமே. ரோமாபுரிப் பிரபுக்கள் தங்கள் கடற்கரை மாளிகைகளில் வெட்டிவைத்திருந்த மீன்குளங்களின் கரையில் நின்றவர்களும் அவ்வளவுதான் கண்டிருப்பார்கள். சோங் வம்ச அரசர்களின் காலம் முதற்கொண்டு பொன்மீன்களைக் குளங்களிலும், பின்னர் பீங்கான் தொட்டிகளிலும் வளர்த்துவந்த சீன தேசத்தார், மேலிருந்து நோக்குவதற்கென்றே அவற்றின் உருவத்தைத் திருத்தினார்கள். வானத்தை நோக்கித் திரும்பிய கண்களும், துடுப்பில்லாத வழவழப்பான முதுகும், இரண்டாகப் பிரிந்து அகன்ற வாலும் அந்தப் பார்வைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. லண்டன் நகரத்து உத்தியோகஸ்தரான ஸாமுவேல் பீப்ஸ், 1665-ஆம் வருஷம் மே மாதத்தில், கண்ணாடிப் பாத்திரமொன்றில் உயிரோடு இருந்த மீன்களைக் கண்டு அதிசயித்துத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார் என்றால், அந்தக் காட்சி அன்று எவ்வளவு அபூர்வமானது என்பது விளங்கும். கண்ணாடிப் பாத்திரத்து மீன் பிழைக்கவேண்டுமானால் ஜலத்தை ஓயாமல் மாற்றவேண்டும். மாற்ற மறந்த வீட்டில் மீன் செத்தது. செத்தால் வேறொன்று வாங்கினார்கள். ஏன் செத்தது என்று கேட்டவர் வெகு சிலர்.

அந்தக் கேள்வியைக் கேட்டு விடையும் தேடிய காலம் 19-ஆம் நூற்றாண்டின் மத்தியபாகம். தேடிய இடம் இங்கிலாந்து. அதற்குமுன் 1832 வாக்கில் சிஸிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் ழான் வீல்ப்ரே-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, தையற்கலையில் பேர்பெற்றுப் பின் இயற்கை ஆராய்ச்சியில் இறங்கியவர், ஆர்கொனாட் என்னும் ஓட்டுக் கணவாய் தன் ஓட்டைத் தானே கட்டுகிறதா, பிற பிராணியிடமிருந்து அபகரிக்கிறதா என்று அறியும்பொருட்டுக் கண்ணாடித் தொட்டிகள் செய்வித்து, தானே கட்டுகிறது என்று ரூபித்தார். எனினும் அது ஆராய்ச்சிசாலைக் காரியமாகவே நின்றுவிட்டது. சாதாரணக் குடும்பங்களின் கூடத்துக்குத் தொட்டி வந்துசேர்வதற்கு இங்கிலாந்தில் இரண்டு சௌகரியங்கள் கூடிவர வேண்டியிருந்தன. நூறு வருஷமாகக் கண்ணாடியின் மேல் விதிக்கப்பட்டிருந்த தீர்வை 1845-ல் நீங்கியது ஒன்று. சமுத்திரக் கரை வரையில் ரயில் பாதை போடப்பட்டது மற்றொன்று.

இவற்றோடு ஒரு வைத்தியரின் புட்டியையும் சேர்க்கவேண்டும். லண்டனின் கீழ்ப்பகுதியில் புகைக்கு நடுவே வைத்தியம் பார்த்துவந்த நதானியேல் வார்டு, 1829 வாக்கில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு புட்டியில் இட்டு மூடிவைக்க, பூச்சியின் கதை எப்படிப் போயிற்றோ, அந்த மண்ணிலிருந்து புல்லும் பெரணியும் முளைத்து, வெளிக்காற்றே இல்லாமல் வருஷக்கணக்கில் செழித்திருந்தன. வார்டு பெட்டி என்று பெயர்பெற்ற மூடிய கண்ணாடிப் பேழைகள் இதிலிருந்து பிறந்தன. 1860-களின் தொடக்கத்தில் நீலகிரிக்குக் கப்பலேறி வந்த சிங்கோனாக் கன்றுகளும் இத்தகைய பேழைகளில் அடைந்து வந்தவையே. கண்ணாடிக்குள் ஒரு சிறு உலகத்தை அடைத்துவிட்டால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற ஆசை அப்போதுதான் ஜனங்களின் மனத்தில் வேரூன்றியது. மீன்தொட்டியின் சரித்திரம் முழுவதும் அந்த ஆசையோடு பட்ட பாடுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனா தைன் அம்மையாரைக் கவனியுங்கள். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உயர்பதவி வகித்த பாதிரியாரின் மனைவியாகிய அவர், 1846-ல் டார்க்கீ என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றிருந்தபோது, சிறு பவழ ஜந்துக்களின் அழகில் மயங்கி, அவற்றை லண்டனுக்குக் கொண்டுபோகத் துணிந்தார். கல்ஜாடியில் கடல்நீர் நிரப்பி, வழியில் ஒன்றோடொன்று உருண்டு மோதிச் சிதையாதபடி, ஊசியும் நூலும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்தார். வீடு சேர்ந்த பிறகு கடல்நீர் தீர்ந்துபோகவே, இருக்கும் ஜலத்துக்கே காற்றூட்டுவதைத் தவிர வழியில்லை என்று கண்டு, அம்மையார் வகுத்த உபாயம் இது: நாள்தோறும் திறந்த ஜன்னலுக்கு எதிரே நின்று, ஒரு பாத்திரத்து ஜலத்தை மற்றொன்றில் உயர்த்தி ஊற்றி, மறுபடியும் திருப்பி ஊற்றி, அரைமணி முக்கால்மணி நேரம் இப்படியே ஆற்றுவது. ஆற்றியவர் அம்மையார் அல்லர். அவர் வீட்டு வேலைக்காரச் சிறுமி. அந்தப் பெண்ணுக்கு அது விளையாட்டாக இருந்தது என்று எஜமானி எழுதிவைத்திருக்கிறார். பெண்ணைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாளோ! இன்று தொட்டிக்குத் தொட்டி குமிழிவிடும் ஏர் பம்பின் வேலையை முதன்முதல் செய்த அந்தக் கைகளுக்கு உரியவள் பெயர் சரித்திரத்தில் ஏறவில்லை. அடுத்த வருஷம் அம்மையார் கடற்பாசியையும் தொட்டியில் இட்டுப் பார்த்தார். ஜலம் ஆற்றவேண்டிய சிரமம் குறைந்தது.

பாசி ஏன் உதவிற்று என்பதை இரசாயன சாஸ்திர ரீதியில் பரீட்சித்தவர் ராபர்ட் வாரிங்டன். மருந்து வியாபாரிகளின் சங்கமாகிய அப்பாதிக்கரி சபையில் இரசாயன நிபுணராக உத்தியோகம் பார்த்து, அந்தச் சபையின் மாளிகையிலேயே குடியிருந்த அவர், 1849-ல் 12 காலன் கொள்ளளவுள்ள கண்ணாடித் தொட்டியில் மணலும் சேறும் பரப்பி, மீன் ஒதுங்குவதற்குக் கற்களை அடுக்கி, நாடாபோல் நீண்ட இலைகளையுடைய வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி உட்கொள்ளும்; செடி விடும் பிராணவாயுவை மீன் உட்கொள்ளும்; ஆதலால் ஜலத்தை மாற்றவேண்டியதில்லை என்பது அவருடைய சித்தாந்தம். சில நாள் எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின, கண்ணாடியின் உட்புறமெல்லாம் பச்சை வழும்பு படர்ந்தது, ஜலம் கலங்கிற்று. வேறொருவராயிருந்தால் தொட்டியைக் கவிழ்த்திருப்பார். வாரிங்டனோ, குளத்தில் அழுகலைத் தின்பது எது என்று யோசித்து, ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகிய இலையைத் தின்றன, வழும்பை மேய்ந்தன, முட்டையும் இட்டன; அந்த முட்டைகள் மீன்களுக்கு ஆகாரமாயின. 1850 மார்ச்சில் லண்டன் இரசாயன சங்கத்தில் அவர் இதைப் பற்றி வாசித்த கட்டுரையே இல்லத்து மீன்தொட்டியின் ஆதிபத்திரம் எனலாம். இருப்பினும் அதைப் பிற்காலத்தில் சிலாகித்தவர்களெல்லாரும் செடியையும் மீனையும் நினைவில் வைத்து, கலங்கிய ஜலத்தையும் நத்தையையும் மறந்தார்கள். சித்தாந்தத்தைவிட அந்தத் திருத்தமே பெரிதென்பது என் அபிப்பிராயம்.

இனி வருவது மோகத்தின் காலம். 1853 மே மாதத்தில் லண்டன் ரீஜெண்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் கண்ணாடித் தொட்டிகள் நிறைந்த மீன் மண்டபம் திறக்கப்பட்டது. அதில் இருந்த கடற்பிராணிகளுள் பலவற்றைத் திரட்டித் தந்தவர் பிலிப் ஹென்றி காஸ். தெய்வபக்தியும் இயற்கை ஞானமும் ஒருங்கே வாய்ந்த இந்த மனிதர் 1854-ல் வெளியிட்ட மீன்தொட்டிப் புத்தகம், வர்ணப் படங்களோடு, கற்றவர் வீடுதோறும் புகுந்தது. கடலிலிருந்து தூரத்தில் வசிப்பவர்கள் வருந்தாதபடி, சாப்பாட்டு உப்பு முதலாகிய நான்கு உப்புகளைக் கொண்டு கடல்நீரை வீட்டிலேயே தயாரிக்கும் முறையையும் அவர் பிரசுரித்தார். டெவன் கடற்கரையிலுள்ள இல்ஃப்ரகூமில், 1855-ல், ஆடவரும் பெண்டிருமாகிய மாணாக்கர்களைப் பாறை இடுக்குகளுக்கு அழைத்துச் சென்று பாடம் நடத்தினார். மிருகக்காட்சிசாலைக்கு அருகில் போர்ட்லாண்ட் சாலையில் வில்லியம் ஆல்ஃபர்டு லாயிட் கடை வைத்து, தொட்டியும் ஜலமும் கடற்சாமந்தியும் நண்டும் ஜாபிதா போட்டு விற்றார். கனவான்களின் வரவேற்பு அறையில் பூந்தொட்டி இருந்த இடத்தில் மீன்தொட்டி வந்தது.

அந்த வாடிக்கைக்காரர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. இன்றைக்கும் அதுவேதான் நடக்கிறது. அழகாயிருக்கட்டுமென்று தொட்டியை வெயில் விழும் ஜன்னலில் வைப்பார்கள்; பத்து ஜீவன் பிழைக்கும் இடத்தில் நாற்பது விடுவார்கள்; வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் கையால் தீனி போடுவார்கள். பாறைக்கு அடியில் ஒரு சிப்பி செத்துக் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. முதல் நாள் ஜலத்தில் பாலின் மங்கல் தெரியும். மறுநாள் நண்டு கரையேறப் பார்க்கும். மூன்றாம் நாள் வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டியிருக்கும். தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி வாங்கிய பொருள் இப்படித் துரோகம் செய்தபோது, பலர் அதைப் பெரணிக்குப் பேழையாக்கினார்கள், அல்லது பரணுக்கு அனுப்பினார்கள். பாதிரியாரும் பிரபல இயற்கை நூலாசிரியருமான ஜே. ஜி. வுட், 1868-லேயே, அந்தப் பித்தம் தெளிந்துவிட்டதென்றும், பத்துத் தொட்டிகளில் ஒன்பது கைவிடப்பட்டனவென்றும் எழுதினார். லாயிட்டின் கடை 1862-ல் திவாலாயிற்று.

நஷ்டம் வீட்டோடு நின்றிருந்தால் பாதகமில்லை. காஸின் புத்தகத்தைக் கையில் ஏந்திக் கூடையும் உளியுமாகப் புறப்பட்ட கூட்டம், தெற்குக் கடற்கரைப் பாறைக்குட்டைகளைச் சில வருஷங்களில் துடைத்துவிட்டது. அவருடைய புதல்வரான எட்மண்ட் காஸ், 1907-ல் எழுதிய தம் இளமைச் சரிதத்தில், தந்தையின் நல்லெண்ணமே அந்த அழிவுக்குக் காரணமாயிற்றென்றும், அதை உணர்ந்து தந்தை மனம் வருந்தினாரென்றும் பதிவுசெய்திருக்கிறார்.

பத்தில் ஒன்பது பேர் போனார்கள் என்றால், எஞ்சிய ஒருவரைப் பிடித்துவைத்தது எது? வர்ணத்தின் மோகம் ஒரு மாதம் தாங்கும். நண்பர்களின் பாராட்டு அதைவிடக் குறைவு. நிலைத்தவர்களின் சரித்திரத்தைப் பார்த்தால், அவர்களெல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் மீனை விட்டு ஜலத்தின் மேல் கண் வைத்தவர்கள் என்பது புலனாகிறது. திவாலான லாயிட்டே சாட்சி. கடையை இழந்தபின் அவர் ஜெர்மனிக்குச் சென்று ஹாம்பர்க் மீன் காட்சிசாலையைப் பொறுப்பேற்று நடத்தி, திரும்பிவந்து 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பாலஸில் மாபெரும் காட்சிசாலையை அமைத்தபோது, பார்வையாளர் காணும் தொட்டிகளில் உள்ளதைப்போல் பல மடங்கு ஜலத்தைத் தரைக்கு அடியில் இருட்டில் தேக்கிவைத்து, பம்புகளால் அதை இரவும் பகலும் சுற்றிவரச் செய்தார். பார்க்க வந்தவர்கள் கண்ணாடிக்குள் மீனைப் பார்த்தார்கள்; லாயிட்டின் கௌரவமோ யாரும் பாராத அந்த நிலவறையில் இருந்தது. அடுத்த வருஷம் திறக்கப்பட்ட பிரைட்டன் காட்சிசாலையும் அந்த உத்ஸாகத்தின் தொடர்ச்சியே.

இருட்டில் சுற்றிய ஜலம் ஏன் தெளிந்தது என்பதன் ரகசியம், விந்தையாக, பழைய வாரிங்டனின் வீட்டிலிருந்தே வெளிப்பட்டது. தந்தையின் பெயரையே உடைய புதல்வர் ராபர்ட் வாரிங்டன், 1838-ல் பிறந்தவர். அந்தப் பொன்மீன் தொட்டி வைக்கப்பட்டபோது பதினோரு வயதுச் சிறுவன். அவரும் இரசாயன நிபுணராகி, ராதம்ஸ்டெட் என்னும் விவசாய ஆராய்ச்சிப் பண்ணையில், எருவிலுள்ள அம்மோனியா மண்ணில் எவ்வாறு நைட்ரேட்டாக மாறுகிறது என்று பல வருஷம் ஆராய்ந்தார். அது வெறும் இரசாயன மாறுதல் அன்று, நுண்ணுயிர்களின் வேலை என்பதைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இருவர் 1877-ல் காட்டியிருந்தார்கள்; வாரிங்டன் அதற்கு மேற்சென்று, அந்த வேலை இரண்டு படிகளில் நடக்கிறது, ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் வேறொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்று நிறுவினார். அவற்றைப் பிரித்து வளர்த்துக் காட்டும் கீர்த்தி 1890 வாக்கில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கிக்குக் கிடைத்தது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. அதுவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். மணலிலும் கல்லிலும் அந்த இரண்டு நுண்ணுயிர்க் கூட்டங்களும் குடியேறிப் பெருகுவதற்குச் சில வாரம் பிடிக்கிறது. அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டவன் அவற்றை விஷத்தில் விட்டவனாகிறான். தகப்பனார் செடிக்கும் நத்தைக்கும் கொடுத்த புகழில் பாதி, அவர் தொட்டியின் அடியில் பரப்பிய மணலுக்கு உரியது. அதைக் கண்டறியத் தகுந்த சாஸ்திரத்தை ஆக்கியவர் அவருடைய பிள்ளை. வயலின் பொருட்டு நடந்த இந்த ஆராய்ச்சி மீன் வளர்ப்போர் கைக்கு வந்துசேர நெடுங்காலமாயிற்று.

ஜலத்தைப் புரிந்துகொண்டவரைத் தொடர்ந்து இழுத்துச்சென்ற மற்றொரு கயிறு, குஞ்சு பொரிக்கச் செய்யும் ஆசை. பாரிஸ் நகரத்து மீன் வளர்ப்பாளர் பியேர் கார்போன்னியே, 1869-ல் சீனாவிலிருந்து கப்பலில் வந்து உயிர்தப்பிய சொற்பமான சொர்க்க மீன்களைப் பெற்று, அவற்றை இனம்பெருக்கினார். ஆண்மீன் மேல்நீரில் வாயால் காற்றை உறிஞ்சி, எச்சில் பூசிய குமிழிகளாக்கி, ஒன்றன்பின் ஒன்றாக மிதக்கவிட்டு ஒரு கூடு கட்டுகிறது. பெண்மீன் இட்ட முட்டைகளை அந்தக் கூட்டில் சேர்க்கிறது. கீழே நழுவும் குஞ்சுகளை வாயில் கவ்வி மறுபடி மேலே துப்புகிறது. காவல் காக்கிறபோது தாயைக்கூட அருகே அண்டவிடுவதில்லை. இதை ஒருமுறை நேரில் கண்டவன் இரவுச் சாப்பாட்டை மறப்பான். உஷ்ணதேசத்து மீன்களுக்குக் குளிர் ஆகாதாகையால், ஐரோப்பியர் இரும்புச் சட்டத்தில் கற்பலகை அடித்தளம் பதித்த தொட்டிகளைச் செய்து, அதன் கீழே விளக்கேற்றிச் சூடேற்றினார்கள். ஜெர்மனியில் இதற்கு முன்பே, 1856-ல், ரோஸ்மேஸ்லர் என்னும் ஆசிரியர் எழுதிய பத்திரிகைக் கட்டுரை கடலை விடுத்து ஏரியைக் கண்ணாடிக்குள் வைக்கும் ஆசையை எழுப்பியிருந்தது. 1888-ல் பெர்லினில் டிரைட்டன் என்னும் மீன் வளர்ப்போர் சங்கம் தோன்றியபின், குஞ்சு பொரித்த கதையைச் சபையில் சொல்லிக் கைதட்டு வாங்குவதே அதன் அங்கத்தினருக்குப் பெரும் போகமாயிற்று.

நம் சென்னைக்குக் கடல்மீன் காட்சிசாலை 1909-ல் வந்தது. எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான திட்டம் அது. மெரீனாக் கரையில், கடலை எதிர்நோக்கி நின்றது. பொருட்காட்சிசாலையைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றும் வழங்கிய பட்டணத்து ஜனங்களுக்கு, செத்த காலேஜின் நிர்வாகத்தில் உயிரோடு மீன்கள் துள்ளியது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். பின்னர் மீன்வளத்துறை வசம் போன அந்தக் கட்டடம் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மூடப்பட்டது. கடலை அடுத்திருந்தும் மறுபடி அதற்கு ஈடான ஒன்றைப் பார்க்கச் சென்னைக்கு எத்தனையோ காலம் பிடித்ததைப் பற்றி நமக்கு வெட்கமிருக்கவேண்டும்.

மீன்களைக் கொடுத்ததிலோ நாம் பின்தங்கவில்லை. சென்னை ராஜதானியின் இராணுவ வைத்தியராயிருந்த பிரான்ஸிஸ் டே, மலையாளக் கரை ஆறுகளில் கண்ட ஒரு மீனுக்கு 1865-ல் அப்போதைய கவர்னர் ஸர் வில்லியம் டெனிஸனின் பெயரைச் சூட்டினார். உடலின் நடுவே சிவப்பும் கருப்புமாக ஓடும் கோட்டையுடைய அந்த மீன் நூற்றாண்டுக்கும் மேலாக நூல்களில் பெயராக மட்டும் இருந்து, பின்பு திடீரென்று 'மிஸ் கேரளா' என்ற பட்டத்தோடு அந்நிய நாட்டுத் தொட்டிகளில் புகுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வலை அவ்வளவு வேகமாக விழுந்ததால், இன்று அது அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் அட்டவணையில் இருக்கிறது. டெவன் பாறைக்குட்டைக்கு நேர்ந்தது மலையாளக் கரையின் சாலியாற்றுக்கும் நேர்ந்தது. எட்மண்ட் காஸ் எழுதியதைப்போல் அதை எழுத இங்கே ஒருவர் வரவில்லை.

பட்டணத்தின் வடமேற்கில் கொளத்தூரும் அதன் சுற்றுப்புறமும் இப்போது அலங்கார மீன் தொழிலுக்குப் பேர்போனவை. கொல்லையிலும் மொட்டைமாடியிலும் சிமெண்ட் தொட்டி கட்டி கப்பியும் மோலியும் பெருக்குகிற குடும்பங்கள் உண்டு; ஃபைட்டர் மீன்களை ஒவ்வொரு புட்டியில் ஒவ்வொன்றாக வைத்து, ஒன்றையொன்று கண்டு ஓயாமல் சீறாதபடி புட்டிகளுக்கு நடுவே அட்டை செருகி, ஜலத்தில் காய்ந்த பாதாம் இலையொன்றைப் போட்டுவைக்கிறவர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிறிது நேரம் நின்றால் அந்தத் தொழிலின் சாரமெல்லாம் காதில் விழும். "தொட்டி இன்னிக்கு எடுத்துட்டுப் போங்க சார், தண்ணி செட் ஆகட்டும், மீன் அடுத்த வாரம் வந்து வாங்கிக்கலாம்" என்கிறார் கடைக்காரர். பையன் முகம் சுருங்குகிறது; தகப்பனார், "பாவம், ஆசைப்படுறான், ரெண்டே ரெண்டு கொடுங்க" என்கிறார்; இரண்டு பத்தாகிறது; வியாபாரியும் வியாபாரிதானே, பையில் காற்றடைத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். பத்து நாள் கழித்து இப்படி வாங்கிப்போனவர்களில் பெரும்பாலோர் செத்ததற்குப் பதில் மீன் கேட்டு வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை. அபூர்வமாக எவரோ ஒருவர் தம் தொட்டி ஜலத்தைச் சிறு புட்டியில் மொண்டுவந்து, இது ஏன் இப்படி மங்கலாயிருக்கிறது என்று கேட்கிறார். கடைக்காரர் மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அந்தப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, அவரோடு வெகுநேரம் பேசுகிறார். அடுத்த முறையிலிருந்து அவருக்கு விலையும் சகாயம்.